கையுறை விற்கிற இடத்தில் வெறுங்கை!

'இன்டர்ன்ஷிப்'னு சொன்னதும் உங்க மனசுல என்ன படம் ஓடுது? குளுகுளு ஏ.சி. ரூம், கழுத்துல தொங்குற ஐ.டி. கார்டு, கேன்டீன்ல ஃப்ரீ காபி, கடைசி நாள்ல பெரிய ஆபீஸர் கையால சர்டிபிகேட்! என் கிளாஸ்ல பாதிப் பேருக்கு அப்படித்தான் அமைஞ்சுது. கார் கம்பெனி, லாரி கம்பெனினு பெரிய பெரிய கேட்டுக்குள்ள போய், ஸ்டேட்டஸ் போட்டுத் தள்ளினாங்க.

எனக்குக் கிடைச்சது ஒரகடம் பக்கத்துல ஒரு கோடவுன். 'மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற பொண்ணு, கோடவுன்ல போய் என்னடி பண்ணப் போறே?'னு வீட்டுல ஆரம்பிச்சு ஹாஸ்டல் வரைக்கும் ஒரே கேள்வி. அங்கே நாலு வாரத்துல பார்த்ததைத்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன். கம்பெனி பேரை மட்டும் கேட்காதீங்க. இந்த ரோட்டுல இருக்கிற எத்தனையோ கோடவுன்ல இது ஒண்ணு, அவ்வளவுதான்.

இந்த ஏரியாவை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். ஸ்ரீபெரும்புதூர்ல சிங்கப்பெருமாள்கோயில் ரோடு பக்கம் திரும்பினா வல்லம் வடகால், ஒரகடம். ராமானுஜர் பிறந்த ஊர்னு பேர் வாங்கின இடம். 1998ல ஹூண்டாய் சான்ட்ரோ வெளியே வந்தப்புறம் கதையே மாறிடுச்சு. 2010ல ஒரகடத்துல ரெனோ - நிஸான், 2012ல பாரத்பென்ஸ் லாரி, 2013ல ராயல் என்ஃபீல்டுனு வரிசையா வந்து இறங்கினாங்க.

ஆனா ஒரு கார் ஃபேக்டரிக்கு இரும்பும் டயரும் மட்டும் போதுமா? போல்ட், பேரிங், கிரீஸ், கட்டிங் டிஸ்க், டேப், கையுறை, ஹெல்மெட், ஷூ, கண்ணாடி, துடைக்கிற பனியன் வேஸ்ட்னு தினமும் ஆயிரம் சாமான் தேவை. ஃபேக்டரிக்காரங்க ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு கடைக்கு அலைய முடியாது இல்லையா? அதுக்குத்தான் இந்த மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர்கள். பாரிமுனைத் தெருக்கள்ல நட்டு, போல்ட், வால்வு விக்கிற கடை இருக்கே, அதையே ஷீட் கூரை போட்ட பெரிய ஷெட்டுக்குள்ள வெச்சா எப்படி இருக்கும்? அதான் எங்க கோடவுன்!

பச்சைக் கலர் ஃபாரம்

முதல் நாளே மேனேஜர் சார் என் கையில ஒரு வேலையைக் கொடுத்தார். 'நீ இங்கிலீஷ்ல நல்லா எழுதுவே இல்ல? இதை ஃபில் பண்ணும்மா'. ஒரு பெரிய கஸ்டமர் கம்பெனி அனுப்பின ஃபாரம். மேல பச்சை இலை படம். 'உங்க நிறுவனம் சுற்றுச்சூழலுக்கு என்ன செய்யுது? தொழிலாளர் பாதுகாப்புக்கு என்ன செய்யுது?'னு பக்கம் பக்கமா கேள்வி.

இது எங்கேருந்து வருதுன்னு தேடிப் பார்த்தேன். பங்குச் சந்தையில இருக்கிற முதல் ஆயிரம் கம்பெனிகள் தங்களோட சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு விவரங்களை வருஷா வருஷம் வெளியிடணும்னு செபி கட்டாயமாக்கியிருக்கு. 2022 - 23 நிதியாண்டிலேருந்து இது அமல்ல இருக்கு. பெரிய கம்பெனிக்கு அந்தக் கேள்வி வந்தா, அவங்க தங்களுக்குச் சாமான் கொடுக்கிறவங்களைக் கேட்பாங்க. அப்படி உருண்டு உருண்டு ஒரகடம் கோடவுன்ல, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற என் டேபிளுக்கு வந்துடுச்சு!

கரன்ட் பில், டீசல், அட்டைப்பெட்டி கணக்கெல்லாம் கடகடன்னு எழுதிட்டேன். ஒரு இடத்துல பேனா நின்னுது. 'கடந்த ஓராண்டில் பணியிட விபத்துகள் எத்தனை?' ஆபீஸ்ல கேட்டேன். 'ஜீரோ'ன்னாங்க. போன வருஷ ஃபாரத்துலயும் ஜீரோ. அதுக்கு முந்தின வருஷமும் ஜீரோ. கலக்கறாங்கப்பான்னு நினைச்சுக்கிட்டே மத்தியானம் டீ குடிக்க வெளியே வந்தேன். லாரியிலேருந்து பெட்டி இறக்கிட்டிருந்த லோடுமேன் அண்ணன் ஒருத்தர் வலது காலை லேசா இழுத்து நடந்தார். ரப்பர் செருப்பு. கட்டை விரல்ல நகமே இல்லை.

'என்னண்ணே ஆச்சு கால்ல?'

'அதுவா... போன ஆடியில பேரிங் பெட்டி விழுந்துச்சும்மா. ரெண்டு மாசம் வீட்டுல கெடந்தேன்'.

அப்போ அந்த ஜீரோ? விசாரிச்சா விஷயம் சிம்பிள். அண்ணன் கம்பெனி ஆளே இல்லை. கம்பெனி ஒரு கான்ட்ராக்டர்கிட்ட விட்டிருக்கு. கான்ட்ராக்டர் ஒரு மேஸ்திரிகிட்ட விட்டிருக்கார். மேஸ்திரி டன் கணக்குல கூலி கொடுக்கிறார். கம்பெனி ரிஜிஸ்டர்ல அவர் பேர் இல்லை. பேர் இல்லாதவர் கால்ல பெட்டி விழுந்தா அது விபத்து இல்லை!

அவர் நின்ன இடத்துக்குப் பின்னாடி, மூணாவது ரேக்ல, அடுக்கி வெச்சிருந்தது என்ன தெரியுமா? ஸ்டீல் டோ வெச்ச சேஃப்டி ஷூ. நூத்துக்கணக்கான ஜோடி!

டெட் ஸ்டாக் ஷூ

கோபமா வருதில்ல? எனக்கும் வந்துது. ஆனா அண்ணன்கிட்ட 'ஏன் ஷூ கேட்கலை?'னு கேட்டப்போ வந்த பதில் நான் எதிர்பார்க்காதது. 'ஷூ போட்டா லாரி மேல ஏறும்போது வழுக்குதும்மா. வெயில்ல கால் வெந்துடும். இந்த ஷெட்டுக்குள்ள நின்னு பாரு தெரியும்'. மே மாசம், தகரக் கூரை. நின்னு பார்த்தேன், தெரிஞ்சுது. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது சும்மா இல்லை.

நம்ம சிலபஸ்ல 'பாதுகாப்புப் படிநிலை'ன்னு ஒண்ணு இருக்கும், ஞாபகம் இருக்கா? முதல்ல ஆபத்தையே இல்லாம ஆக்கு. முடியலையா, ஆபத்து குறைஞ்சதா மாத்து. அப்புறம் மெஷின்ல தடுப்பு வை. அப்புறம் வேலை செய்யற முறையை மாத்து. இது எல்லாத்துக்கும் கடைசியிலதான் ஹெல்மெட், கையுறை, ஷூ. எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணி மறந்துட்ட விஷயம், லோடு இறக்கற இடத்துல நின்னப்போதான் மண்டையில ஏறுச்சு. பேரிங் பெட்டி ஏன் விழுந்துச்சு? கனமான பெட்டி மேல் தட்டுல இருந்துச்சு. டன் கணக்குக் கூலிங்கிறதால அவசரம். தூக்குற எடைக்கு ஒரு அளவும் இல்லை. அமெரிக்காவோட 'நியாஷ்' அமைப்பு கொடுக்கிற கணக்குப்படி, எல்லா வசதியும் சரியா அமைஞ்சாலே ஒருத்தர் கையால தூக்க 23 கிலோதான் உச்சவரம்பு. இங்கே அதைவிட அதிகமான பெட்டியை தலைக்கு மேலேருந்து இறக்கறாங்க.

ஸோ, முதல் வேலை ரேக்கை மாத்தறது. கனமான பெட்டி கீழே, லேசானது மேலே. செலவே இல்லை, ஒரு ஞாயித்துக்கிழமை போதும். மேனேஜர் சார் ஒத்துக்கிட்டார். கூரையில கரன்ட்டே இல்லாம காத்துல சுத்தற டர்போ வென்டிலேட்டர் ரெண்டு துருப்பிடிச்சு நின்னுபோயிருந்துச்சு. அதையும் சரி பண்ணச் சொன்னார். ஷூவுக்கு மட்டும் 'அது கான்ட்ராக்டர் பொறுப்பும்மா'ன்னுட்டார்.

அங்கேதான் நம்ம ஸ்டாக் லிஸ்ட் கை கொடுத்துச்சு. நாலு வாரமும் என் இன்னொரு வேலை, விக்காம தேங்கிக் கிடக்கிற டெட் ஸ்டாக்கைக் கணக்கெடுக்கறது. ஷூவுல 6, 11 மாதிரி சைஸ் எல்லாம் மாசக்கணக்கா அப்படியே இருந்துச்சு. இதுல இன்னொரு மேட்டர். ஷூவோட அடிப்பாகம் பாலியூரித்தேன். ஈரக்காத்து பட்டுப் பட்டு, யாரும் போடாமலே அது சில வருஷத்துல பிஸ்கட் மாதிரி உதிர ஆரம்பிச்சுடும். அதாவது, பெட்டியில வெச்சிருந்தா கடைசியில குப்பை. போட்டா ஒருத்தர் விரல் தப்பும்.

ஒரு பேப்பர்ல இடது பக்கம் டெட் ஸ்டாக் சைஸ், வலது பக்கம் லோடுமேன் அண்ணன்களோட கால் சைஸ் எழுதி சார் டேபிள்ல வெச்சேன். லெக்சர் எதுவும் அடிக்கலை. ரொம்ப நேரம் பார்த்தார். 'சோல் நல்லா இருக்கறதை மட்டும் எடு. செக் பண்ணாம கொடுக்காதே'ன்னார். 8, 9 சைஸ்காரங்களுக்குத்தான் அன்னைக்குக் கிடைக்கலை. அது நல்லா விக்கிற சைஸாச்சே!

288 கிலோமீட்டர் வேகம்

அடுத்து கட்டிங் டிஸ்க். ஒர்க்‌ஷாப்ல ஆங்கிள் கிரைண்டர்ல மாட்டி இரும்பு அறுக்கிற அந்த மெல்லிசு வட்டம். அதுல 'அதிகபட்ச வேகம் விநாடிக்கு 80 மீட்டர்'னு போட்டிருக்கும். 80ஐ 3.6ஆல பெருக்குங்க. மணிக்கு 288 கிலோமீட்டர்! டிஸ்க் உடைஞ்சா துண்டு அந்த மாதிரி வேகத்துல முகத்துக்கு வரும்.

இன்னும் கொஞ்சம் கணக்கு போடலாமா? 4 இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்துதுன்னு வெச்சுக்குங்க. 100 மில்லிமீட்டர் டிஸ்க்கோட ஓரம் விநாடிக்கு சுமார் 58 மீட்டர்ல போகும். பிரச்னை இல்லை. 'பெருசா இருந்தா சீக்கிரம் அறுக்கும்'னு கார்டைக் கழட்டிட்டு அதே மெஷின்ல 180 மில்லிமீட்டர் டிஸ்க் மாட்டினா? விநாடிக்கு 103 மீட்டரைத் தாண்டிடும். 80ஐத் தாங்கத்தான் அந்த டிஸ்க்கைச் செஞ்சிருக்காங்க. மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம்.

இந்த டிஸ்க்குக்கு எக்ஸ்பைரி டேட் உண்டுன்னு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிஸ்கட் பாக்கெட்டுக்கு மட்டும்தான் தேதின்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். ரெசின் வெச்சு ஒட்டின டிஸ்க்குக்கு, தயாரிச்சதிலேருந்து மூணு வருஷம்தான் வழக்கமான கணக்கு. ஈரம் பட்டா ரெசின் பலம் குறைஞ்சுடும். பல பிராண்டுகள்ல நடு ஓட்டையைச் சுத்தியிருக்கிற இரும்பு வளையத்துலயே மாசமும் வருஷமும் அடிச்சிருக்கும். அடி ரேக்ல, சுவரோரமா, தேதி தாண்டின டிஸ்க் பெட்டிகள் இருந்துச்சு.

சேல்ஸ் பக்கத்துல ஒரு யோசனை சொன்னாங்க. 'பாதி விலைக்கு வெல்டிங் பட்டறைங்களுக்குத் தள்ளிடலாம். வேஸ்ட்டும் ஆகாது, காசும் வரும்'. ஃபாரத்துல 'கழிவு குறைப்பு'ன்னு ஒரு பத்தி இருக்கே, அதுலகூட எழுதிக்கலாமாம்! அன்னைக்கு மேனேஜர் சார் குரல் முதல் தடவையா உயர்ந்துச்சு. 'பட்டறையில வேலை பார்க்கிற பையனுக்கு கண்ணு ரெண்டுதான்யா இருக்கு'ன்னார். அத்தனை டிஸ்க்கையும் உடைச்சு ஸ்க்ராப்ல போடச் சொன்னார். சார் மேல எனக்கு இருந்த கோபம் பாதி அங்கேயே போச்சு.

ஆனா பாருங்க, அந்த டிஸ்க் கழிவானது அன்னைக்கு இல்லை. புது லோடு வந்தப்போ எல்லாம் பழசுக்கு முன்னாடியே அடுக்கினாங்க இல்லையா, அப்பவே ஆயிடுச்சு. எது முதல்ல காலாவதி ஆகுதோ அது முதல்ல வெளியே போகணும். காலாண்டுக்கு ஒரு கலர்னு ஸ்டிக்கர் ஒட்டினோம். பேக்கிங் அக்காங்களுக்கு தேதி தேட வேண்டாம், கலரைப் பார்த்தாலே போதும். குப்பையும் குறையும், கண்ணும் தப்பும். பச்சை ஃபாரத்துல சுற்றுச்சூழலுக்கு ஒரு பக்கம், பாதுகாப்புக்கு ஒரு பக்கம்னு தனித்தனியா கேட்டிருந்தாங்க. கோடவுன்ல ரெண்டும் ஒரே ரேக்லதான் இருக்கு!

நீல டிரம்

இதைச் சொல்லத்தான் கஷ்டமா இருக்கு.

எங்க பேக்கிங் செக்‌ஷன்ல ஒரு அக்கா. சுங்குவார்சத்திரம் பக்கத்துல ஒரு கிராமம். ரெண்டு பசங்க. எனக்கு தினமும் மத்தியானம் ஊறுகாய் கொடுப்பாங்க. ஒரு நாள் சாயந்திரம், மெஷின் பாகங்களைக் கழுவற டீகிரீசர் வந்த நீல பிளாஸ்டிக் டிரம் ஒண்ணை டாடா ஏஸ்ல ஏத்திக்கிட்டிருந்தாங்க.

'எதுக்குக்கா?'

'தண்ணி பிடிக்கத்தான் பாப்பா. எங்க தெருவுல மூணு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி விடறான். வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, போன வருஷம் இங்கேருந்துதான் எடுத்துட்டுப் போனேன். பத்தலை'.

டிரம்மைத் திருப்பிப் பார்த்தேன். லேபிள் பாதி கிழிஞ்சிருந்துச்சு. மிச்சத்துல சிவப்பு டைமண்டு கட்டம், உள்ளே மனுஷ உருவம், நெஞ்சுல நட்சத்திரம் மாதிரி ஒரு வெடிப்பு. அந்தப் படம் எதுக்குன்னு தெரிஞ்சுக்குங்க. நீண்ட நாள்ல உடம்பு உறுப்புகளைக் கெடுக்கக்கூடிய, புற்றுநோய் மாதிரி பாதிப்பு வரக்கூடிய பொருளுக்குப் போடற உலகப் பொது அடையாளம் அது.

'நல்லா சோப்பு போட்டு, வெயில்ல காயவெச்சு, மூணு தடவை கழுவிட்டுத்தான் பாப்பா பிடிப்பேன்'னாங்க. கழுவினா போகாதுங்கிறதுதான் பிரச்னை. இந்த வகை பிளாஸ்டிக் கரைப்பான்களை உள்ளே உறிஞ்சி வெச்சுக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில விடும். இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, சேஃப்டி டேட்டா ஷீட்டை எடுத்துட்டு வந்து தமிழ்ல படிச்சுக் காட்டினேன். எந்த ரசாயனத்துக்கும் 16 பாகம் உள்ள இந்த ஷீட் இருக்கணும். 4வது பாகம் முதலுதவி, 8வது என்ன பாதுகாப்புக் கருவி, 13வது காலி டப்பாவை என்ன பண்ணணும்ங்கிறது. எங்க ஆபீஸ்ல எல்லா ஷீட்டும் ஃபைல்ல பத்திரமா இருந்துச்சு. எல்லாம் இங்கிலீஷ்ல!

அக்கா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டாங்க: 'ஒரு வருஷமா அந்தத் தண்ணியிலதான் சமைக்கிறேன். பசங்களுக்கு ஒண்ணும் ஆகாதுதானே பாப்பா?'

என்ன பதில் சொல்வீங்க? எனக்கும் தெரியலை. 'ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடலாம்க்கா. என்ன டிரம்முன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க'ன்னு அந்த ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது.

மறுநாள் மேனேஜர் சார்கிட்ட போனேன். 'காலி டிரம்மை ஸ்க்ராப்ல கொடுத்தா அது ரீசைக்கிளிங்தானேம்மா? ஃபாரத்துலகூட அப்படித்தானே எழுதியிருக்கோம்?'னார். அபாயக் கழிவுகள் பத்தின 2016 விதிகளை எடுத்துக் காட்டினேன். முதல் அட்டவணையில 33வது இனம். அபாயகரமான ரசாயனம் பட்ட காலி பேரல்களும், எண்ணெய் மாதிரி மாசு பட்ட துடைக்கிற துணிகளும் அதுல வருது. இஷ்டப்பட்டவங்களுக்கு விக்க முடியாது. அனுமதி வாங்கினவங்ககிட்டதான் போகணும். நம்ம மாநிலத்துல இப்படிப்பட்ட கழிவுக்குன்னே கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு மையம் இருக்கு.

சரக்கு கொண்டு வர்ற லாரி காலியாத்தானே திரும்பிப் போகுது? அதுலேயே டிரம்மைத் தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடாச்சு. கேட்டுல 'சிவப்பு டைமண்டு இருந்தா வெளியே விடாதே'ன்னு தமிழ்லயும் இந்தியிலயும் போர்டு வெச்சாங்க. அக்கா வீட்டு டிரம்மும் திரும்பி வந்துச்சு. அவங்களுக்கு ரெண்டு புது தண்ணி டிரம் கம்பெனியே வாங்கிக் கொடுத்துச்சு. காசை மட்டும் மாசா மாசம் சம்பளத்துல பிடிச்சுக்கிட்டாங்க. பழைய டிரம்முக்குக் கொடுத்த மாதிரி பல மடங்கு. 'பரவாயில்ல பாப்பா'ன்னாங்க அக்கா. எனக்கு அது பரவாயில்லைன்னு தோணலை. விஷம் இல்லாத டிரம்முக்கு அதிக விலையை அந்த ரோட்டுலயே குறைஞ்ச சம்பளம் வாங்கறவங்க ஏன் கொடுக்கணும்?

மரப் பேலட்டையும் ஒரு தடவை பார்த்துக்குங்க. வெளிநாட்டுலேருந்து வர்ற பேலட்ல ஒரு முத்திரை இருக்கும். 'ஹெச்.டி.'ன்னா சூடு பண்ணி பூச்சியைக் கொன்னது: கட்டையோட நடுப்பகுதி 56 டிகிரியில 30 நிமிஷம். 'எம்.பி.'ன்னா மீதைல் புரோமைடு புகை போட்டது. உடைஞ்ச பேலட்டை அடுப்பெரிக்க எடுத்துட்டுப் போறவங்க நிறைய. 'எம்.பி.' முத்திரை உள்ளது அடுப்புக்கு ஆகாது.

இந்த ரோடு பார்த்தது

'இதெல்லாம் சின்ன கோடவுன் கதை, பெரிய கம்பெனியில எல்லாம் பக்கா'ன்னு நினைக்கறீங்களா? 2010 அக்டோபர் 31 அன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில, இருபதுகள்ல இருந்த ஒரு பெண் ஊழியர் இயந்திரத்துல சிக்கி உயிரிழந்தாங்க. நம்ம வயசு! அதே வருஷம் ஜூலையில ஃபாக்ஸ்கான் ஆலையில நூத்துக்கும் மேற்பட்டவங்க மூச்சுத் திணறி, மயங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலையில, இடைவெளி விட்டு வேலை செய்யணும்னு கேட்டு ரெனோ - நிஸான் தொழிலாளர் சங்கம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஹூண்டாய் தொழிலாளர்கள் வேலையை விட்டுட்டு உட்கார்ந்தாங்க. ரெண்டு ஆலையும் சில நாள் மூடினாங்க.

அதே வருஷம் டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில சாப்பாடு கெட்டு, 150 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. அவங்க தோழிகள் நெடுஞ்சாலையில உட்கார்ந்தப்போதான் உலகமே திரும்பிப் பார்த்துச்சு. அதுக்கப்புறம், 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்கற விடுதி திறந்தாங்க. வேலை முடிஞ்சு தூங்கற இடமும் பாதுகாப்புல சேர்த்திதான்னு ஒப்புக்க அந்த மறியல் தேவைப்பட்டிருக்கு, பாருங்க.

சட்டம் என்ன சொல்லுது?

எங்க மாதிரி கோடவுன்ல எதையும் தயாரிக்கிறதில்லை. அதனால 1948ம் வருஷத்து தொழிற்சாலைச் சட்டத்தோட கண்ணுல பொதுவா இது 'தொழிற்சாலை' இல்லை. நம்ம கோடவுனும் துணிக்கடையும் 1947ம் வருஷத்து தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல வரும். அதுல 2021ல ஒரு நல்ல திருத்தம் கொண்டு வந்தாங்க. வேலை நேரம் முழுக்க நிக்க வைக்கக் கூடாது, உட்கார இருக்கை கொடுக்கணும்! எங்க பேக்கிங் டேபிள்கிட்ட ஸ்டூல் ஒண்ணுகூட இல்லாததைப் பார்த்துட்டு அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து ஒட்டினேன். இப்போ நாலு ஸ்டூல் இருக்கு.

2025 நவம்பர் 21லேருந்து நாடு முழுக்க புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தாச்சு. பழைய தொழிற்சாலைச் சட்டத்தோட இடத்துல பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற வியாபார நிறுவனமும் அதுக்குள்ள வருது. எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுக்கணும். பாதுகாப்பு பத்தின தகவலைக் கேட்கிற உரிமை தொழிலாளிக்கு உண்டு. சட்டம் புத்தகத்துல இருக்கு. அது மூணாவது ரேக் வரைக்கும் நடந்து வரணும்னா யாராவது ஒருத்தர் கேட்கணும்.

ஃபாரம் என்ன ஆச்சு?

கடைசி வாரம். 'விபத்துகள் எத்தனை?' கட்டம் மட்டும் காலியா இருந்துச்சு. லோடுமேன் அண்ணன்களையும் பேக்கிங் அக்காங்களையும் தனித்தனியாக் கேட்டு எழுதினேன். கட்டை விரல் ஒண்ணு, கத்தி பட்டு தையல் போட்டது ரெண்டு. மொத்தம் மூணு. மேனேஜர் சார்கிட்ட காட்டினேன்.

'மூணுன்னு போட்டா ஆர்டர் போயிட்டா யார் பதில் சொல்றது?'ன்னார். நியாயமான பயம்தான். அந்த ஆர்டரை நம்பி கோடவுன்ல இருக்கிற எல்லாரோட சம்பளமும் இருக்கு. அண்ணன், அக்கா சம்பளமும் சேர்த்துத்தான். 'சார், மூணு வருஷமா ஜீரோ போட்டிருக்கோம். அவங்க நம்பியிருப்பாங்கன்னு நினைக்கறீங்களா? மூணுன்னு போட்டு, கீழே ரேக் மாத்தினது, ஷூ கொடுத்தது, டிரம் நிறுத்தினது எல்லாத்தையும் எழுதலாமே'ன்னேன். ஒரு நாள் யோசிச்சார். மறுநாள் காலையில அவரே பேனா எடுத்து '3'ன்னு எழுதி கையெழுத்துப் போட்டார்.

ஆர்டர் போச்சா, நின்னுதா? போன வாரம் சார்கிட்ட போன்ல கேட்டேன். 'ஆடிட்டுக்கு ஆள் அனுப்பறாங்களாம். வரட்டும் பார்க்கலாம்'னார். மேஸ்திரி ஆட்களோட பேர் எல்லாம் இப்போ ஒரு நோட்டுல ஏறியிருக்காம். 9ம் நம்பர் ஷூவும் வந்துடுச்சாம்!

நீங்க போற இடத்துல...

இந்த வருஷம் இன்டர்ன்ஷிப் போற மக்களே, இதை மட்டும் குறிச்சுக்குங்க.

1. விபத்து எண்ணிக்கை எத்தனைன்னு கேட்காதீங்க. யார் யாரைச் சேர்த்து எண்ணினாங்கன்னு கேளுங்க. கான்ட்ராக்ட் ஆட்கள், ஹவுஸ்கீப்பிங், டிரைவர் எல்லாம் அதுல இருக்காங்களா?

2. எதுக்கெல்லாம் தேதி இருக்குன்னு பாருங்க. ஹெல்மெட்டோட உள்பக்கத்துலகூட தயாரிச்ச மாசம், வருஷம் கடிகாரம் மாதிரி அச்சடிச்சிருக்கும்.

3. ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி சார்ஜ் போடற இடத்துல காத்தோட்டம் இருக்கான்னு பாருங்க. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கத் தயார். பக்கத்துல அட்டைப்பெட்டி குவிச்சிருந்தா சொல்லுங்க.

4. சுத்தற மெஷின்கிட்ட கையுறை போடாதீங்க. டிரில்லிங், லேத் மெஷின்ல கையுறை மாட்டினா கையையும் சேர்த்து இழுத்துடும். எங்கே போடணும், எங்கே கூடாதுன்னு தெரிஞ்சவர்தான் இன்ஜினீயர்!

5. 'ரீசைக்கிளிங்'னு யாராவது சொன்னா, 'அது யார் வீட்டுக்குப் போகுது?'ன்னு கேளுங்க.

இன்டர்ன்ஷிப் இன்னும் வரலையா? காத்திருக்க வேண்டாம் பாஸ். நம்ம காலேஜ் ஒர்க்‌ஷாப்ல ஒரு ஆங்கிள் கிரைண்டர் இருக்கும் இல்ல? நாளைக்கு முதல் பீரியட்ல பிளக்கைக் கழட்டச் சொல்லிட்டு அந்த டிஸ்க்கைப் பாருங்க. நடுவுல இருக்கிற வளையத்துல என்ன தேதி போட்டிருக்கு? கார்டு இருக்கா? தேதி தாண்டியிருந்தா லேப் அண்ணன்கிட்ட சொல்லி மாத்துங்க. அந்த மெஷினை முதல்ல கையில எடுக்கப் போறவர் அவர்தான்.